அடிவாரத்து நூல்கள்

தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் காவடி சுமந்து பழனிக்கு நடந்து வரும் மக்கள், மலையிறங்கி ஊர் திரும்புகையில் பஞ்சாமிர்தமும் திருநீறும் வாங்குவது போலவே, சின்னஞ்சிறு பாட்டுப் புத்தகம் ஒன்றையும் வாங்கிச் செல்வதுண்டு. மெல்லிய தாள், பல வண்ண மேலட்டை, விலையோ மிகக் குறைவு. கவசமோ, போற்றியோ, சிந்தோ, அதில் எது இருந்தாலும் அது வீட்டுக்குப் போய் மாடக்குழியில் அமரும். மஞ்சளும் எண்ணெயும் பட்டுத் தாள் நைந்து போகும்வரை பாடப்படும். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்களிடமும் இதே வழக்கத்தைக் காண்கிறோம். நவநாள் செபப் புத்தகமும் மாதா பாடல் தொகுப்பும் பயணப் பையில் இடம்பெறாமல் இருப்பதில்லை.

அதே பழனி மலைத்தொடரின் மேலே, கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில், இயேசு சபையினர் 1895-ஆம் ஆண்டில் நிறுவிய திரு இருதயக் கல்லூரி உள்ளது. மதுரை மறைப்பணியின் மடல்களையும் கையெழுத்துப் படிகளையும் பழைய நூல்களையும் பேணிய காப்பகத்தால் அவ்விடத்தை வரலாற்று ஆய்வாளர் அறிவர். கீழே அடிவாரத்தில் விற்பவை ஒருவகை நூல்கள்; மேலே முகட்டில் காக்கப்படுபவை மற்றொரு வகை நூல்கள். முன்னதை யாரும் நூலகத்தில் வைப்பதில்லை. பின்னதை யாரும் மாடக்குழியில் வைப்பதில்லை.

இவற்றுள் எது இலக்கியம் என்ற வழக்கை அறிஞர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். நாம் ஈண்டு எழுப்ப விரும்புவது அறநெறி வினா. எளிய மக்கள் விரும்பிப் படிப்பதை அற்பமென்று ஒதுக்க நமக்கு உரிமை உண்டா? ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டால், அதில் கலந்துள்ள பொய்ம்மைக்கும் நாம் உடந்தையாகி விடுகிறோமா? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்பவர் செருக்கில் விழுவார், அல்லது சோம்பலில் விழுவார்.

அச்சின் முதற்கனி

தமிழில் அச்சேறிய முதல் நூல் எதுவெனக் கேட்டால், நாம் பெருமையுடன் 'தம்பிரான் வணக்கம்' என்போம். அண்டிரிக் அடிகளார் எனப் போற்றப்படும் என்றிக்கே என்றிக்கசு என்னும் இயேசு சபைத் துறவி மொழிபெயர்த்த அந்நூல், 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. ஆனால் அந்நூலின் உருவத்தை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அதற்கு உள்ளவை 16 பக்கங்களே! இன்று ஒரு புத்தகக் கடைக்காரரிடம் அதைக் காட்டினால் 'சின்னப் புத்தகம்' என்று தனியே ஒரு கட்டில் வைத்துவிடுவார். தமிழ் அச்சின் தலைமகனே அடிவாரத்து நூல்தான்.

அது யாருக்காக அச்சிடப்பட்டது என்பதும் கருதத்தக்கது. புலவர் அவைக்காக அன்று. முத்துக்குளித்துறையின் கடலோர மக்களுக்காக. அச்சுப்பணிக்கு வேண்டிய பொருளை அப்பரதவ மக்களே திரட்டித் தந்தார்கள் என்பது வரலாறு. அடுத்த ஆண்டில் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586-இல் புனிதர்களின் வாழ்வைக் கூறும் 'அடியார் வரலாறு' புன்னைக்காயலில் உருப்பெற்றது. 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் அது. ஆயினும் அதுவும் கடற்கரை மக்கள் கேட்டு உணரும் மொழியிலேயே எழுதப்பட்டது. 'தம்பிரான் வணக்கத்தின்' படி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 'அடியார் வரலாற்றை' அருட்தந்தை இராசமாணிக்கம் 1967-இல் தூத்துக்குடியில் மறுபதிப்பாகக் கொணர்ந்ததால்தான் நம் தலைமுறை அதைக் கண்டது. கையில் புழங்கும் நூல் தேயும்; பேழைக்குள் வைத்த நூலே எஞ்சும். மக்கள் நூல்களின் விதி எங்கும் இதுவே.

பின்னர் வந்த வீரமாமுனிவரை நோக்குவோம். 3,615 பாடல்களால் 'தேம்பாவணி' என்னும் காப்பியத்தைப் புனைந்த அதே கைதான், மடக் குருவும் அவரினும் மடமை மிக்க ஐந்து சீடரும் உலவும் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதிற்று. காப்பியத்தைப் படிக்கப் புலமை வேண்டும். கதையைக் கேட்கக் காது போதும். இலண்டனில் 1822-இல் அச்சேறிய அக்கதை, பிற்காலத்தில் மலிவுப் பதிப்புகளாகத் தமிழ்நாடெங்கும் பரவியது. மாமுனிவர் இரண்டையும் தம் பணியாகவே கொண்டார். உயர்ந்தோர்க்கு ஓர் உழைப்பு, தாழ்ந்தோர்க்கு ஓர் உழைப்பு என அவர் தம் உழைப்பை வகுக்கவில்லை.

தவக்காலத்தில் தென் மாவட்டச் சிற்றூர்களிலும் ஈழத்திலும் ஒலித்து வந்த 'வியாகுலப் பிரசங்கம்', கோவாவில் பிறந்து இலங்கையில் பணியாற்றி 1742-இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகளாரின் ஆக்கம். ஆண்டவரின் பாடுகளை அதன் வழியே கேட்டுக் கண்ணீர் வடித்த மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்கள் நூலைப் படிக்கவில்லை. நூல் அவர்களிடம் பாடப்பட்டது. 'ஞானசௌந்தரி' நாடகமும், புனிதர்களைப் பற்றிய அம்மானைகளும் அவ்வாறே ஊரின் நடுவே, விளக்கொளியில், ஒருவர் படிக்கப் பலர் கேட்டு வாழ்ந்தவை.

பிறிதொரு நாட்டின் தெருக்களில்

இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்திலும் இதே காட்சியைக் காணலாம். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்ட கதைப்பாடல்களைத் தெருப்பாடகர்கள் சந்தைகளில் பாடி, ஒரு பென்னிக்கு விற்றனர். ஒரே தாளை மடித்துத் தைத்த சிறு நூல்களைத் தலைச்சுமை வணிகர்கள் ஊசி, நூல், நாடாக்களோடு சேர்த்து ஊரூராகக் கொண்டு சென்றனர். வீரர் கதை, காதல் கதை, நகைச்சுவைத் துணுக்கு, தூக்குமேடைக் கைதியின் இறுதிப் புலம்பல், விந்தைப் பிறவிகள் பற்றிய செய்தி, சமையல் குறிப்பு, சாவை நினைவூட்டும் பக்தி நூல் என அவற்றின் வகைகள் பல. எல்லாவற்றிலும் மிகுதியாக விற்றது பஞ்சாங்கமே. 1660-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பஞ்சாங்கங்கள் அந்நாட்டில் விற்றன என வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர்.

நிக்கலஸ் பௌண்டு என்னும் சீர்திருத்தப் போதகர் 1595-இல் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். ஏழை உழவரின் குடிசைகளிலும் கைவினைஞரின் கடைகளிலும் கதைப்பாடல் தாள்கள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. வீட்டிலுள்ளோர் தாமே படிக்கத் தெரியாதவராயினும், பிறர் வந்து படித்துக் காட்டக் கூடுமென்று அவற்றை வைத்திருந்தனர். போதகருக்கு அது வருத்தம் தந்தது. நமக்கோ அது வேறொன்றை உணர்த்துகிறது. படிக்கத் தெரியாத ஒருவர் தம் வியர்வைக் காசைக் கொடுத்து ஒரு தாளை வாங்கிச் சுவரில் ஒட்டுகிறார் என்றால், எழுத்தின்மீது அவர் கொண்ட மதிப்பு, படித்தவர் கொண்ட மதிப்பினும் குறைந்ததா?

ஜான் பன்யன் இளமையில் இத்தகைய வீரக்கதைச் சிறுநூல்களில் தோய்ந்தவர். பின்னர் அவற்றை நினைத்து வருந்தியவர். ஆனால் 1678-இல் அவர் எழுதிய 'மோட்சப் பிரயாணத்தில்' அரக்கர்களும் கோட்டைகளும் வாட்போர்களும் எங்கிருந்து வந்தன? தாம் ஒதுக்கிய மலிவு நூல்களின் மண்ணிலிருந்தே அவரது பெருநூல் முளைத்தது. அந்நூலைத் தழுவியே கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் தமிழ்க் காப்பியத்தை இயற்றி, 1894-இல் வெளியிட்டார். ஆங்கிலச் சந்தையில் பென்னிக்கு விற்ற கதை, இரு நூற்றாண்டு நடந்து தமிழ்க் காப்பியத்தின் வேரில் நீராயிற்று!

அந்நாட்டில் அச்சு விலைமலிவாய் இருந்தது. ஆனால் சிலருக்கு அதன் விலை உயிராகவும் இருந்தது. கத்தோலிக்க நூல்களை மறைவாக அச்சிட்ட வில்லியம் கார்ட்டர் என்னும் பொதுநிலையினர் 1584-ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனின் டைபர்ன் கொலைக்களத்தில் கொல்லப்பட்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். அவர் குருவானவரல்லர், புலவருமல்லர். அச்சுத் தொழிலாளி. எளியவர் கையில் ஒரு நூலைச் சேர்ப்பது உயிர் கொடுக்கத் தகுந்த பணி என்று அவர் கருதினார்.

குஜிலிக் கடையின் குரல்

இந்தியாவில் அச்சகம் நடத்துவதற்கிருந்த உரிமத் தடைகளை 1835-இல் மெட்காப் நீக்கினார். அதன்பின் தமிழர் அச்சகங்கள் பெருகின. சென்னை பூங்கா நகரின் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் 'குஜிலிப் பதிப்பு' என்றே பெயர் பெற்றன. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், விலை காலணா அல்லது அரையணா. சிந்து, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி, ஏசல், இலாவணி என அவற்றின் வடிவங்கள் பல. புயல், வெள்ளம், பஞ்சம், இரயில் விபத்து, கொலை வழக்கு, விலைவாசி, காப்பி மோகம், காந்தியடிகளின் சிறைவாசம் என அவற்றின் பொருள்கள் எண்ணற்றவை. இவற்றுள் நாட்டு விடுதலையைப் பாடியவை பலவற்றை ஆங்கில அரசு 1930-களில் தடை செய்தது. அற்பமென்று அறிஞர் ஒதுக்கிய தாள்களைப் பேரரசு அஞ்சியது என்பது சிந்திக்கத்தக்கது.

இவற்றின் உடன்பிறப்புகளே 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள். 'விக்கிரமாதித்தன் கதை', 'அல்லி அரசாணி மாலை', 'நல்லதங்காள் கதை' முதலியவற்றை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் பருத்த எழுத்தில் அச்சிட்டனர். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும், மங்கிய விளக்கில் படிப்பவருக்கும், மூப்பால் பார்வை குன்றியவருக்கும் அந்த எழுத்தே கைகொடுத்தது. வாசகரின் கண்ணை நினைத்து எழுத்தின் அளவை வகுப்பதும் ஒருவகை அன்பே.

நல்லதங்காளை எண்ணுவோம். பஞ்சத்தில் பசித்து, ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, பிள்ளைகளோடு கிணற்றில் மாய்ந்த தாய் அவள். அவளது முடிவை நம் திருமறை ஏற்காது. ஆயினும் பசித்த பெண்ணின் துயரை நாடறியப் பாடிய நூல் எது? அரண்மனைப் புலவர்கள் அதைப் பாடவில்லை. காலணாப் புத்தகமே பாடிற்று. அதைக் கேட்டு அழுத பெண்கள், தம் வீட்டு வாசலில் வந்து நின்ற பசித்தவரை வெறுங்கையுடன் அனுப்புமுன் ஒரு கணம் தயங்கியிருப்பர் என்று நம்பலாம். கதை அச்சான தாள் மலிவானது. அது எழுப்பிய மனச்சான்று மலிவானதன்று.

குற்றச்சாட்டுகள் மூன்று

எனினும், மக்கள் நூல்களின்மீது சுமத்தப்படும் குற்றங்களை மூடி மறைப்பது நேர்மையாகாது.

முதலாவது, பொய். கதைக்கும் பொய்க்கும் வேறுபாடு உண்டு. 'ஞானசௌந்தரி' கதை என்பதைக் கேட்பவர் அறிவர். அங்கே ஏமாற்று இல்லை. நம் ஆண்டவரும் கதைகள் வழியாகவே கற்பித்தார். ஆனால் நடக்காததை நடந்தது என்று விற்கும் தாள் வேறு வகையைச் சார்ந்தது. கற்பனை வாசகனை மதிக்கிறது; புரட்டு அவனைச் சுரண்டுகிறது.

இரண்டாவது, பிறர் துயரில் ஆதாயம் தேடுதல். கொலைச்சிந்து எழுதியவர் இறந்தவருக்காக அழுதாரா, விற்பனைக்காக அழுதாரா? இலண்டனில் தூக்கிலிடும் நாளில் கைதியின் புலம்பல் பாட்டு விற்பனைக்கு வந்துவிடும். அவன் வாயைத் திறக்குமுன்பே அவன் இறுதிச்சொல் அச்சாகியிருப்பதும் உண்டு. கொலையுண்ட ஓர் ஏழைப் பெண்ணுக்குத் தெருப்பாட்டைத் தவிர வேறு நினைவுச்சின்னம் இருந்திராது என்பதும் உண்மை. அப்பாட்டு அவளது மானத்தை மீண்டும் ஒருமுறை சந்தையில் வைத்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. ஒரே தாள் இரங்கற்பாவாகவும் வேடிக்கையாகவும் இருக்கலாம். பிரிக்கும் கோடு தாளில் இல்லை. மாந்தரைக் கடவுளின் சாயலாகப் பார்க்கிறோமா, காட்சிப் பொருளாகப் பார்க்கிறோமா என்னும் நம் பார்வையில் இருக்கிறது.

மூன்றாவது, அச்சத்தை விதைத்தல். இங்கே நாம் நம் வீட்டையே முதலில் பெருக்க வேண்டும். இத்தனை நாள் இச்செபத்தைச் சொன்னால் இத்தனை ஆன்மாக்கள் மீட்படையும், இத்தாளை இத்தனை பேருக்கு அனுப்பாவிடில் தீங்கு நேரும் என்னும் துண்டுத் தாள்களை நம் ஆலய இருக்கைகளில் காணாதவர் யார்? புனித பிரிஜித்தம்மாள் பெயரால் வழங்கிய 15 செபங்களுக்கு இணைக்கப்பட்டிருந்த வாக்குறுதிகள் இறைவனிடமிருந்து வந்தவை என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று திருப்பீடம் 1954-இல் எச்சரித்தது. செபம் நல்லதாயிருக்க, அதற்கு ஒட்டவைத்த உறுதிமொழி கெட்டதாயிருக்கக் கூடும் என்பதை அவ்வெச்சரிக்கை கற்பிக்கிறது. இறைவனின் அருளைக் கணக்குப் பேரேடாக மாற்றுவது பக்தியன்று. நோயுற்ற குழந்தையின் அருகே கலங்கி நிற்கும் தாயிடம், இச்செபத்தை ஒருநாள் தவறவிட்டதால்தான் குழந்தைக்கு இக்கதி என்று ஒரு தாள் சொல்லுமாயின், அது இரக்கத்தின் கடவுளைப் பற்றிப் பொய்ச்சான்று சொல்வதாகும்.

இருவகை இகழ்ச்சி

இக்குற்றங்களைக் கண்டு சிலர், மக்கள் நூல்கள் அனைத்தையும் குப்பை என்பர். வேறு சிலரோ, "பாமர மக்களுக்கு இதுவே போதும், பொய்யாயினும் பக்தி வளர்ந்தால் சரி" என்பர். முன்னவர் கடுமையுடையவர் போலவும் பின்னவர் கனிவுடையவர் போலவும் தோன்றுகின்றனர். கூர்ந்து நோக்கின் இருவரும் செய்வது இகழ்ச்சியே. முன்னவர் எளியவரின் சுவையை இகழ்கிறார். பின்னவர் எளியவரின் அறிவை இகழ்கிறார். உண்மை தமக்கு வேண்டும், ஏழைக்கு அது வேண்டியதில்லை என்பதைவிடப் பெரிய அவமதிப்பு வேறெது?

அண்டிரிக் அடிகளார் காட்டிய வழி இவ்விரண்டுமன்று. கடற்கரை மக்களுக்காக அவர் மொழியை எளிதாக்கினார், உண்மையைக் குறைக்கவில்லை. பக்கங்களைச் சுருக்கினார், மதிப்பைச் சுருக்கவில்லை. எளிமை வேறு, மலினம் வேறு. எளிமை என்பது வாசகரை நோக்கி எழுத்தாளர் இறங்கி நடப்பது. மலினம் என்பது வாசகர் எழவே மாட்டார் என்று முடிவு கட்டுவது. மனுவுரு எடுத்த வார்த்தையை வழிபடும் நாம் இவ்வேறுபாட்டை மற்றெவரினும் நன்கு உணர வேண்டியவர்கள். மாட்டுத் தொழுவம் வரை இறங்கிவந்த இறைவன், இடையருக்குக் குறைந்ததொரு நற்செய்தியைத் தரவில்லை.

திருச்சபையும் இப்பாதையிலேயே படிப்படியாகத் தெளிவு பெற்றது. 1559-இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் உரோமையில் வெளியான தடை நூல் அட்டவணை, 1966-இல் முடிவுக்கு வந்தது. மக்களின் பக்தி முயற்சிகளைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு ஏட்டில் மதிப்புடன் எடுத்துரைத்தார். அவற்றின் எல்லைகளையும் மறைக்காமல் சுட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் அப்பக்தியை நற்செய்தி அறிவிக்கும் ஆற்றலாகவே கண்டார். அவரே 2018-இல் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் பொய்ச் செய்திகளின் தீமையை எடுத்துரைத்தார். மக்களை மதிப்பதும் பொய்யை எதிர்ப்பதும் முரண்பட்டவை அல்ல. ஒரே அன்பின் இரு கைகள்.

அட்டவணை நீங்கியது. ஆனால் பகுத்தறியும் பொறுப்பு நீங்கவில்லை. அது ஆயர் மன்றங்களிலிருந்து நம் ஒவ்வொருவர் மனச்சான்றுக்கும் இடம் மாறியது. பொதுநிலையினராகிய நாம் இதை முழுமையாக உணர்ந்துள்ளோமா?

நம் கையில் உள்ள சந்தை

குஜிலிக் கடைத்தெருவின் பாட்டு வணிகம் இன்று ஓய்ந்துவிட்டது. ஆனால் அதன் சந்தை நம் சட்டைப் பைக்குள் குடிபுகுந்துள்ளது. வாட்ஸ்அப் வழியாக விடிந்ததும் வரும் புனிதர் படம், அற்புதச் செய்தி, விபத்துக் காட்சி, பிற சமயத்தவரைப் பற்றிய அவதூறு, உடனே பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் செபம் ஆகியவை யாவும் பழைய காலணாத் தாள்களின் வழித்தோன்றல்களே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று பாடியவர் ஒருவர், வாங்கியவர் பலர். இன்று நாம் ஒவ்வொருவரும் வாங்குபவராகவும் விற்பவராகவும் இருக்கிறோம். அச்சிட்டவரை இனி நாம் பழிக்க இயலாது. அச்சகம் நம் விரல் நுனியிலேயே உள்ளது.

எனவே ஒரு தாளையோ செய்தியையோ பிறருக்குக் கொடுக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவோம். இது உண்மையா, அல்லது கதையெனத் தன்னை ஒப்புக்கொள்கிறதா? இதில் பேசப்படும் மனிதர் என் உடன்பிறந்தவராயின் இதை அனுப்புவேனா? இது இறைவன்மீது நம்பிக்கையை வளர்க்கிறதா, அச்சத்தை வளர்க்கிறதா?

இன்னொரு கடமையும் உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். கற்றோர் ஒதுக்கிய பாட்டுப் புத்தகங்களையும் அறிவிப்புத் தாள்களையும் உள்ளிட்டு, ஏறத்தாழ 1 இலட்சம் அச்சுப் பொருள்களை அவர் தம் வாழ்நாளில் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று எழுந்தது. இங்கிலாந்தில் 1,700-க்கும் மேற்பட்ட கதைப்பாடல் தாள்களைச் சேமித்த சாமுவேல் பீப்சு செல்வாக்குமிக்க அரசு அலுவலர். அவர் தொகுப்பு கேம்பிரிட்ஜில் இருக்கிறது. செல்வாக்கின்றி, தம் ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு அதே பணியைச் செய்தார் நம் முத்தையா.

நம் இல்லங்களில் பாட்டிமார் வைத்துச் சென்ற செபப் புத்தகங்கள், பாஸ்கா நாடகக் கையேடுகள், தவக்கால ஒப்பாரிகள், ஊர்த் திருவிழாப் பாட்டுகள் எங்கே? வீடு மாறும்போதும் வெள்ளையடிக்கும்போதும் பழைய தாள் வணிகரிடம் எடைக்குப் போனவை எத்தனை? முழந்தாளிட்டுப் படித்த ஒரு தலைமுறையின் விரல்ரேகை அவற்றில் உள்ளது. அவற்றுள் பிழையும் இருக்கும், மிகையும் இருக்கும். பிழையைத் திருத்துவோம், நூலைக் காப்போம். பங்குதோறும் ஓர் அலமாரி போதும், இப்பணியைத் தொடங்க.

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே நின்று பார்த்தால், பனி விலகிய நாளில், தொலைவில் கீழே பழனி தெரியும் என்பர். மேலிருப்பவருக்குக் கீழிருப்பது சிறிதாகத் தோன்றுவது கண்ணின் இயல்பு. அதை உண்மையிலேயே சிறிதென்று தீர்ப்பிடுவது மட்டும் நெஞ்சின் குற்றம். முகட்டிலுள்ள காப்பகமும் அடிவாரத்துக் கடையும் ஒரே மலையைச் சார்ந்தவை. அவ்விரண்டிற்கும் இடையே ஏறியும் இறங்கியும் நடப்பவர்களாகக் கற்றவர்கள் திகழ்வார்களாயின், எளியவர் கையில் சேரும் நூல் மலிவாயிருந்தும் மாண்புடையதாய் இருக்கும்.